கிடா வெட்டும் வழக்கைப் பேசித் தீர்ப்பது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டக் கோயிலில் நான் செயலாளர். முனியாண்டிக்குக் கிடா வெட்டலாமா என்ற பேச்சு எழுந்தால், உடனே வாக்கெடுப்புக்குப் போகாதீர்கள். ஒவ்வொருவரிடமும் “ஏன்?” என்று கேட்டு, பதிலை அவரவர் சொல்லிலேயே எழுதுங்கள்.

பால்வெட்டுக்குப் போன பாட்டி, “நேர்ந்த கடன், தம்பி. செலுத்தாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது” என்பார். பினாங்கில் படிக்கும் பேத்தி, “வாயில்லா ஜீவனுக்கு வலிக்காதா, மாமா?” என்பாள். பொருளாளருக்கோ ஊர் இரண்டாகிவிடக் கூடாது, நன்கொடையும்தான்!

மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடர் புவனேஸ்வரத்தில் ஆய்வு செய்தவர். அவரும் சகாக்களும் 1997இல் அற நியாயங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: தனிமனிதரின் உரிமையும் தீங்கும், சமூகக் கடமை, தெய்விகப் புனிதம். தாளில் மூன்று கட்டம் போட்டுப் பதில்களை நிரப்புங்கள். ஒருவரே இரண்டு கட்டத்தில் விழுவார், அடித்துத் திருத்தாதீர்கள்.

பிறகு அவரவர் கட்டத்துக்குள்ளேயே பேசுங்கள். பாட்டியிடம் ஆட்டின் வலியைச் சொல்லிப் பயனில்லை. “பூசணிக்காய் வெட்டினால் சாமி ஏற்குமா?” என்று கேளுங்கள், பூசாரியை அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பேத்தியிடம் “நீ கோழி தின்னவில்லையா?” என்று மடக்குவது வெறும் வாய்ச்சண்டை. வெட்டுவதென்றே முடிவானால் எந்த முறையில் வலி குறையும் என்று அவளையே கேளுங்கள். வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்தில்.