படத்தில் இருப்பது டி மொய்ன் வகுப்புக் கப்பலா? கண்டுபிடிப்பது எப்படி

1940, 50களின் அமெரிக்கக் கனரக குரூசர்கள் (பெரும் போர்க்கப்பலைவிடச் சிறிய பீரங்கிக் கப்பல்கள்) பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் தெரியும். டி மொய்ன் வகுப்பும் (வகுப்பு என்றால் ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்கள்) அவற்றில் ஒன்று. புதியவர்கள் முதலில் ரேடாரைப் பார்ப்பார்கள். அது அடிக்கடி மாற்றப்பட்ட பொருள், நம்ப வேண்டாம்.

படி 1: பீரங்கி மேடைகளை எண்ணுங்கள்
முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் மூன்று குழல்கள் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு இருந்தால் அது பெரும்பாலும் கிளீவ்லாண்ட் வகுப்பு இலகுரக குரூசர்.

படி 2: புகைபோக்கி
இரண்டு இருந்தால் பால்டிமோர் வகுப்பாக இருக்கலாம். அந்த வகுப்பில் மட்டும் 14 கப்பல்கள். (அயோவா போர்க்கப்பலுக்கும் இதே பீரங்கி அமைப்பு, இரண்டு புகைபோக்கி. ஆனால் அது மிகப் பெரியது.) ஒன்றே ஒன்று என்றால் ஓரிகன் சிட்டி வகுப்பு அல்லது டி மொய்ன் வகுப்பு.

இங்கே ஒரு பொறி உண்டு. பால்டிமோர் வகுப்பில் பிறந்த பாஸ்டன், கான்பெரா இரண்டையும் 1950களில் ஏவுகணைக் கப்பல்களாக மாற்றியபோது புகைபோக்கியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கூடவே பின்பக்கப் பீரங்கி மேடையும் போய்விட்டது. அதனால்தான் முதல் படியைத் தவிர்த்துவிடாதீர்கள்.

படி 3: எண்
போருக்குப் பிந்தைய படங்களில் கப்பலின் முன்புறம் எண் இருக்கும். 122, 123, 124 என்றால் ஓரிகன் சிட்டி வகுப்பு. 134 டி மொய்ன், 139 சேலம், 148 நியூபோர்ட் நியூஸ்; இந்த மூன்றும்தான் டி மொய்ன் வகுப்பு.

எண் தெரியவில்லையா? பீரங்கி மேடையின் பருமனைப் பாருங்கள். டி மொய்னின் 8 அங்குலப் பீரங்கிகள் தானாகக் குண்டேற்றிக்கொள்பவை. குழலுக்கு நிமிடத்துக்குப் பத்து குண்டுகள். பழைய முறையில், வெடிமருந்துப் பைகளோடு, மூன்று நான்குதான். அந்த இயந்திரங்களுக்கு இடம் வேண்டுமே! மேடை பெருத்தது, கப்பலின் நீளமும் பால்டிமோரின் 673 அடியிலிருந்து 716 அடியானது.

படி 4: மூன்றில் எது?
முன்பக்கத்து இரண்டாவது மேடையில் நடுக்குழல் இல்லையென்றால் நியூபோர்ட் நியூஸ்தான். 1972 அக்டோபர் 1 அன்று வியட்நாம் கடற்பகுதியில் அந்தக் குழலுக்குள்ளேயே குண்டு வெடித்து 20 மாலுமிகள் இறந்தார்கள். மேடை பழுதுபார்க்கப்படவே இல்லை. ஆகவே படத்தின் காலமும் கிடைத்துவிடும். பக்கவாட்டுப் படங்களில் மட்டும் இது உதவாது.

பழகிப் பார்க்க சேலம் கப்பலின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாசசூசெட்ஸின் குவின்சியில் அருங்காட்சியகமாக நிற்பதால், எல்லாக் கோணத்திலும் வண்ணப் படங்கள் கிடைக்கும்.