பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை முடிந்ததும் விடையை எப்படிச் சரிபார்ப்பது?

ஹாலை விட்டு வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் "டேய், பதிமூணாவது ஒன் வேர்டுக்கு என்ன போட்ட?" என்று எவனாவது சட்டையைப் பிடித்து இழுப்பான். 'முடிஞ்சதைப் பேசாதீங்க' என்று டீச்சர் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. சரி, பார்ப்பதுதான் பார்க்கிறீர்கள், உருப்படியாகப் பாருங்கள்.

கேட் பக்கம் மட்டும் நிற்காதீர்கள், அங்கே யார் சத்தமாகச் சொல்கிறானோ அவன் விடைதான் சரியாகிவிடும். ஓரமாக உட்கார்ந்து, கேள்வித்தாளில் நீங்கள் எழுதிய கேள்விகளுக்கு மட்டும் டிக் அடித்து, மறப்பதற்குள் விடையைப் பக்கத்தில் குறியுங்கள் (வெளியே வந்த பிறகு, ஹாலுக்குள் கிறுக்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்). இரண்டு மார்க்கிலும் ஐந்து மார்க்கிலும் 14-க்கு 10 எழுதினால் போதும் என்பதால், பக்கத்தில் இருப்பவன் பேசும் கணக்கை நீங்கள் தொட்டே இருக்க மாட்டீர்கள், அதற்குப் போய் வயிற்றைக் கலக்க விடாதீர்கள். கட்டாயக் கேள்விகளான 28-ஐயும் 42-ஐயும் எழுதினீர்களா என்று பாருங்கள்.

விடை வேறாக இருந்தாலே தப்பு என்று இல்லை. ஆரம் 7 செ.மீ. உள்ள கோளத்தின் கன அளவுக்கு 22/7 போட்டவனுக்கு 1437.33 வரும், 3.14 போட்டவனுக்கு 1436.03 வரும். நிகழ்தகவில் 6/36-உம் 1/6-உம் ஒன்றுதான். வரைபடத்தில் அளவுத்திட்டம் மாறினால் படமே வேறு மாதிரி தெரியும், தீர்வு மாறாது.

நிஜமாகவே இடித்தால் ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். எங்கள் கூட்டத்தில் x² − 3x − 180 = 0 என்று முடிந்த கணக்குக்கு நான்கு பேர் 12 என்றோம், ஒருத்தி மட்டும் 15 என்றாள். நான்கு பேரும் ஒரே டியூஷன், நால்வரும் (x + 15)(x − 12) என்று குறியை மாற்றிப் பிரித்திருந்தோம். அவள் சண்டை போடவில்லை, 15-ஐ அப்படியே உள்ளே போட்டாள்: 225 − 45 − 180, பூஜ்ஜியம். 12 போட்டால் −72. அத்தோடு பேச்சு நின்றது. ஆக, வந்த விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், கடைசி வரி தப்பானால் ஐந்து மார்க்கும் போச்சு என்று கணக்குப் போடாதீர்கள். ஸ்டெப்புக்கு மார்க் உண்டு, சமன்பாட்டைச் சரியாக அமைத்தவருக்குக் கொஞ்சமாவது கிடைக்கும். எவ்வளவு என்று திருத்துகிறவருக்குத்தான் தெரியும், அதனால் மொத்தம் கூட்டும்போது அந்தக் கணக்குக்கு நேரே கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் போதும், அடுத்து பெரும்பாலும் அறிவியல்தான் வரும்.