ரெஸ்யூமின் முதல் நான்கு வரிகள்: ப்ரொஃபைல் சம்மரி எழுதுவது எப்படி?

ரெஸ்யூமில் பெயர், போன் நம்பர், இமெயிலுக்கு அடியில் மூன்று நான்கு வரி வருமே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பலர் அங்கே இன்னமும் 'கெரியர் ஆப்ஜெக்டிவ்' என்று தலைப்புப் போட்டு, "நல்ல நிறுவனத்தில் என் திறமையைப் பயன்படுத்தி, நிறுவனமும் நானும் வளரும்படியான சவாலான பணியைத் தேடுகிறேன்" என்று எழுதுகிறார்கள். சீனியரின் ரெஸ்யூமை வாங்கிப் பெயரை மாற்றும்போது இந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுகிறது. அதில் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. ஆள் எடுப்பவர் பார்ப்பது வேறு: இவருக்கு என்ன வேலை தெரியும், இதுவரை எதைச் செய்திருக்கிறார், நம் வேலைக்கு ஒத்துவருவாரா?

இதற்குப் பதில் சொல்வதுதான் ப்ரொஃபைல் சம்மரி. பி.காம் முடித்த நிறையப் பேர் போகிற அக்கவுண்ட்ஸ் வேலையை வைத்தே விளக்குகிறேன். மற்ற துறைக்காரர்களும் இதே வழியில் எழுதலாம்.

படி 1: விளம்பரத்தைப் படியுங்கள்

நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்கள் நாலைந்தை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அக்கவுண்ட்ஸ் என்றால் டேலி ப்ரைம் (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி), பேங்க் ரீகன்சிலியேஷன் (நம் கணக்கை வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவது) ஆகியவை கட்டாயம் இருக்கும். நௌக்ரி போன்ற தளங்களில் எச்ஆர் இந்தச் சொற்களைப் போட்டுத்தான் ஆள் தேடுகிறார். 'கணினி வழிக் கணக்குப் பதிவு' என்று பொதுவாக எழுதி வைத்தால், டேலி என்று தேடுபவர் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள். தெரிந்ததை மட்டும், அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள்.

படி 2: செய்கிற வேலையைத் தமிழில் எழுதிப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் போகப்போகிறது. ஆனால் நேராக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் எங்கோ படித்த வாக்கியங்கள்தான் கைக்கு வரும். அதனால் முதலில் ஒரு தாளில், வீட்டில் யாருக்கோ சொல்வதுபோலத் தமிழில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடமாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருக்கும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். என்ன வேலை என்று கேட்டால் "அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன்" என்பார். சரி, மாதம் முழுக்க என்னென்ன பார்க்கிறார்? தினமும் பில்களை டேலியில் ஏற்றுகிறார். 11-ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்கு விற்பனைக் கணக்கைத் தயார் செய்கிறார். 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டு, எந்த சப்ளையரின் பில் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கிறார். அவர்களுக்குப் போன் போட்டு, பில்லைப் பதிவேற்றும்வரை விடாமல் கேட்கிறார். அப்புறம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) கணக்கு.

இதில் சப்ளையருக்குப் போன் போடுவதைப் பெரும்பாலானோர் எழுதமாட்டார்கள். அதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு. ஆனால் சப்ளையர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டாவிட்டால் அது நம் 2பி-யில் வராது. அந்த பில்லுக்கான இன்புட் கிரெடிட்டை, அதாவது அதில் கொடுத்த ஜிஎஸ்டியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் சலுகையை, எடுக்க முடியாது. அதைத் துரத்தி வாங்குபவர் முதலாளியின் பணத்தைக் காப்பாற்றுகிறார். முதலாளி தேடுவதே இப்படிப்பட்ட ஆளைத்தான். இதை அவசியம் எழுதுங்கள்.

பக்கத்திலேயே எண்ணிக்கையைப் போடுங்கள்: மாதம் எத்தனை பில், எத்தனை பேங்க் அக்கவுண்ட், எத்தனை சப்ளையர். சுமாரான கணக்குப் போதும், ஆனால் உண்மையாக இருக்க வேண்டும்.

படி 3: வரிசைப்படுத்துங்கள்

முதலில் நீங்கள் யார், எத்தனை வருட அனுபவம், எந்தத் தொழில். அடுத்து உங்கள் முக்கியமான வேலை. பிறகு தெரிந்த சாஃப்ட்வேர், மற்ற வேலைகள். கடைசியில், தேடும் பணி. அந்தத் திருப்பூர்ப் பெண்ணுக்கு இப்படி வரும்:

"பின்னலாடைத் துறையில் 3 வருட அனுபவமுள்ள அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். மாதம் சுமார் 300 பில்களை டேலி ப்ரைமில் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-1, 3பி ரிட்டர்ன்களுக்கான கணக்கைத் தயாரித்து ஆடிட்டரிடம் கொடுக்கிறேன். ஜிஎஸ்டிஆர்-2பி-யைச் சரிபார்த்து, விடுபட்ட பில்களை சப்ளையர்களிடம் பேசிப் பதிவேற்ற வைப்பது என் பொறுப்பு. 2 வங்கிக் கணக்குகளின் ரீகன்சிலியேஷன், இ-வே பில், ஜாப் ஒர்க் சலான் ஆகியவையும் பார்க்கிறேன். ரிட்டர்ன் தாக்கல்வரை முழுப் பொறுப்புள்ள அக்கவுண்டென்ட் பணியை எதிர்பார்க்கிறேன்."

'ஆடிட்டரிடம் கொடுக்கிறேன்' என்பதைக் கவனியுங்கள். இந்த இடத்தில் 'ஜிஎஸ்டி ஃபைலிங் செய்கிறேன்' என்று போட ஆசை வரும். இன்டர்வியூ எடுப்பவரும் அக்கவுண்ட்ஸ்காரராக இருந்தால் இரண்டே கேள்வியில் தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் எழுதிய மற்ற உண்மைகளையும் அவர் நம்பமாட்டார். உள்ளதைச் சொன்னதால்தான் கடைசி வரிக்கும் ஓர் அர்த்தம் கிடைக்கிறது: இதுவரை செய்திருக்கிறார், அடுத்தபடிக்குப் போகப் பார்க்கிறார்.

இதை ஆங்கிலமாக்கும்போது ரெஸ்யூமில் 'ஐ' போடாமல் எழுதுவதுதான் வழக்கம். லிங்க்ட்இன்னில் தாராளமாக 'ஐ' போடலாம்.

படி 4: அடித்துத் தள்ளுங்கள்

ஒவ்வொரு வரியையும் எடுத்து, கூடப் படித்தவர் பெயரை மேலே வைத்துப் படியுங்கள். அவருக்கும் அப்படியே பொருந்தினால் அடித்துவிடுங்கள். 'ஹார்ட் ஒர்க்கிங்', 'டீம் பிளேயர்', 'குயிக் லெர்னர்' எல்லாம் இதில் போய்விடும். சீக்கிரம் கற்றுக்கொள்பவர் என்றால் எதைக் கற்றீர்கள் என்று எழுதுங்கள். 'எக்செல்லில் விலுக்அப், பிவட் டேபிள் தானே கற்று, நிலுவை லிஸ்டை வாராவாரம் தயாரிக்கிறேன்' என்றால் யாரும் மறுக்க முடியாது.

ஃப்ரெஷராக இருந்தால்?

எழுத ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மாதம் உட்கார்ந்தது, நான் முதல்வன் திட்டத்தில் முடித்த கோர்ஸ், கல்லூரி ப்ராஜெக்ட், வீட்டுக் கடைக்குக் கணக்கு எழுதியது எல்லாமே அனுபவம்தான். "பி.காம் இறுதியாண்டு மாணவர். குடும்ப மளிகைக் கடையின் தினசரி வரவு செலவையும் கடன் பாக்கியையும் 2 வருடமாக எக்செல்லில் பராமரிக்கிறேன். டேலி ப்ரைம் பயிற்சி முடித்திருக்கிறேன்" என்று எழுதுபவரை நானாக இருந்தால் கட்டாயம் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவேன்.

குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுவிட்டுத் திரும்புபவர்கள், இடைவெளியை ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனியே வேண்டாம். 'குடும்பக் காரணங்களுக்காக 2 வருட இடைவெளி. இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்' என்றால் போதும்.

படி 5: இடத்துக்கு ஏற்ப வெட்டுங்கள்

ரெஸ்யூமில் நான்கைந்து வரி. நௌக்ரி ஹெட்லைனுக்கு 250 எழுத்துதான் இடம். உங்கள் முதல் வரியையும் முக்கியமான இரண்டு திறமைகளையும் அங்கே போடுங்கள். லிங்க்ட்இன் 'அபவுட்' பகுதியில் 2,600 எழுத்துவரை எழுதலாம், ஆனால் முதல் சில வரிகள்தான் வெளியே தெரியும். மீதியைக் கிளிக் செய்தால்தான் பார்க்க முடியும்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். 'அக்கவுண்டென்டுக்கு ஒரு சம்மரி எழுது' என்று கேட்டால் பழைய கெரியர் ஆப்ஜெக்டிவ்தான் நல்ல ஆங்கிலத்தில் வரும். இரண்டாம் படியில் எழுதிய தாளை அப்படியே கொடுத்து, ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத எண்ணோ பொறுப்போ நுழைந்திருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள்.

படி 6: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

அனுப்புவதற்கு முன், வரிக்கு ஒரு கேள்வி வீதம் வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள். '300 பில் என்றால் எந்த மாதிரி பில்?' 'சப்ளையர் பதிவேற்ற மறுத்தால் என்ன செய்வீர்கள்?' பதில் தடுமாறும் வரியைத் திருத்துங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். இன்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் நீங்கள் பேசப்போவதும் இதைத்தான்.