தொங்கும் காந்தத்தால் புவிக்காந்தத்தின் மெல்லசைவை அளப்பது எப்படி?

சென்னையில் புவிக்காந்தப் புலத்தின் கிடைக்கூறு, அதாவது தரைக்கு இணையான பகுதி, ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) ஆகும். பகலில் சுமார் 110 கி.மீ. உயரத்தில், அயனி மண்டலம் எனும் மின்னேற்றம் பெற்ற மேல்வளிமண்டல அடுக்கில் ஓடும் மின்னோட்டங்கள் அதைச் சில பத்து நானோடெஸ்லா அளவுக்கு மெதுவாக அசைக்கின்றன; ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டு, அது திரும்பும் கோணத்தைப் பார்த்தே இந்த அசைவை வீட்டில் அளக்கலாம்.

முதலில் இடம். காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையை ஒட்டிய அறை உதவாது; அருகில் நகரும் இரும்பு காந்தத்தைத் திருப்பிவிடும். பீரோவும் மின்விசிறியும் இல்லாத பின்பக்க அறையே நல்லது. பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், கொலாபா ஆய்வகத்தின் காந்த அளவீட்டுப் பணிக்காக 1904இல் அலிபாக்கில் புதிய ஆய்வகமே தொடங்கினார்கள். நமக்கு அறை மாறினால் போதும்.

பட்டுப்புடவைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, காந்தத்தின் எடைக்கு ஈடான பித்தளைத் துண்டை ஓர் இரவு முழுக்க அதில் தொங்கவிடுங்கள். முறுக்கு அவிழாத நூல் தானாகவே காந்தத்தைத் திருப்பிவிடும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. பிறகு 2 செ.மீ. நீளச் சட்டக் காந்தத்தில் நகமளவு முகம் பார்க்கும் கண்ணாடிச் சில்லை ஒட்டி, பிளாஸ்டிக் மூடியுள்ள ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். அடியில் செப்புத் தட்டு ஒன்றை வைத்தால் ஆட்டம் விரைவில் அடங்கும்.

லேசர் ஒளியைச் சில்லில் பட வைத்து, 2 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில் விழச் செய்யுங்கள். சில்லு திரும்பும் கோணத்தைப் போல் இரு மடங்கு ஒளி திரும்புவதால், புள்ளி 1 மி.மீ. நகர்ந்தால் ஏறத்தாழ 10 நானோடெஸ்லா என்று கொள்ளலாம். காலை 6 முதல் மாலை 6 வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, கைப்பேசியையும் சாவிக்கொத்தையும் வெளியே வைத்துவிட்டு வந்து குறியுங்கள்.

என் முதல் நாள் வரைபடத்தில் காலை 9 மணிக்குப் புள்ளி 7 மி.மீ. தாவி அங்கேயே நின்றுவிட்டது. மகிழ்ந்து விசாரித்தால், சுவருக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு பைக் வேலைக்குப் போயிருந்தது. பகல்நேர இயற்கை மாற்றம் சில மி.மீ. அளவில், மணிக்கணக்கில் மெதுவாக வளைந்து செல்லும். படிக்கட்டு போல ஏறி நின்றால் அது இரும்பின் வேலை.

சூரியனின் சீற்றத்தால் புவிக்காந்தம் கலங்கும் காந்தப் புயல் நம் பகுதியில் பெரும்பாலும் கிடைக்கூற்றின் வலிமையைத்தான் குறைக்கும், திசையை அதிகம் மாற்றாது. அதைப் பார்க்க, நிலையான இன்னொரு காந்தத்தால் நம் காந்தத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பி நிறுத்த வேண்டும்; அப்போதுதான் வலிமை மாறினாலும் அது திரும்பும். ஆனால் அந்த இன்னொரு காந்தம் சாதாரண ஃபெரைட் (கறுப்புப் பீங்கான் போன்ற) காந்தமானால், ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் 0.2 சதவீத வலிமை இழக்கும். அது இங்கே சுமார் 80 நானோடெஸ்லாவுக்குச் சமம். மொட்டைமாடி அறையில் அதை முயன்றால், நீங்கள் அளப்பது வெயிலாகத்தான் இருக்கும்.