அடைமழை ஊரில் 15 சென்ட் காய்கறி: முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள்

விதை வாங்கப் போவதற்கு முன்னால், நல்ல மழை ஒன்று கொட்டும்போது குடையைப் பிடித்துக்கொண்டு உங்கள் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், போய் அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த மூலை வழியாக வெளியே போகப் பார்க்கிறது என்று கவனியுங்கள். தேங்குகிற இடத்திலெல்லாம் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகும் குச்சியடியில் தண்ணீர் நின்றால் அங்கே கத்தரி, மிளகாய், தக்காளி எதுவும் வேண்டாம், சேம்பு வையுங்கள். பக்கத்து விளைக்காரர் பார்த்துச் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் இதைச் செய்யாமல்தான் ஆரம்பித்தேன். குமரி மாவட்டத்தில், தக்கலைக்கு மேற்கே 15 சென்ட் இடம், கையில் ஒரு மண்வெட்டி, தலை நிறைய யூடியூப் வீடியோக்கள். அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை தண்ணீருக்கு ஏங்குகிற ஊர்களில் எடுத்தவை, பாத்திக்குள் தண்ணீரை எப்படி நிறுத்துவது என்றுதான் சொல்லித் தருவார்கள். நானும் அப்படியே வரப்புப் பிடித்து, தாழ்ந்த பாத்தி போட்டு, 140 கத்தரி நாற்று நட்டேன். ஆனிச் சாரல் பிடித்து பத்தே நாளில் பாதிக்கு மேல் வாடித் தொங்கிவிட்டன. இத்தனைக்கும் மண் சொதசொதவென்று ஈரமாகத்தான் இருந்தது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. அதற்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு கோடைமழை வேறு. அதிலும் குலசேகரம், திருவட்டாறு பக்கம் பெய்கிற மழை கன்னியாகுமரிப் பக்கம் பெய்யாது, ஒரே மாவட்டம்தான், இருந்தும் விவசாயம் இரண்டு விதம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கிற ஊர்களுக்குச் சரி. மேற்குப் பக்கம் எங்களுக்கு ஆடி வருவதே மழைக்கு நடுவில், அப்போது விதைத்தால் பாதி விதை அழுகும், மீதி ஓடையோடு போகும்.

அதனால் நான் மழையைக் கணக்கு வைத்துப் பின்னோக்கி எண்ணுகிறேன். ஏப்ரல் கடைசியில், கோடைமழை ஈரத்தில், வெண்டை, பயறு, புடல், பாகல் விதைத்துவிட்டால் ஜூனில் மழை வலுக்கும்போது வெண்டை முழங்கால் உயரம் வந்திருக்கும், கொடிகள் பந்தலைத் தொட்டிருக்கும். பெரிய செடி மழையைத் தாங்கும், முளை தாங்காது, அவ்வளவுதான் சூத்திரம். ஆகஸ்டில் கத்தரி, மிளகாய் நாற்று விட்டு செப்டம்பரில் மழை தணிகிற நேரம் பார்த்து நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். தக்காளி, சிவப்புத் தண்டங்கீரை, வெள்ளரி எல்லாம் மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி. ஜூலையில் தக்காளி போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கடையில் வாங்குங்கள்.

சரி, பாத்திக்கு வருவோம். எனக்குத் தெரிந்த வரை இந்த ஊரில் காய்கறி விளைவதும் விளையாததும் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாத்தி 3 அடி அகலம், குறைந்தது 1 அடி உயரம், இரண்டு பாத்திகளுக்கு நடுவே ஒன்றரை அடி வாய்க்கால். அந்த வாய்க்கால்கள் எல்லாம் போய்ச் சேர, விளையின் ஓரத்தில் அவற்றைவிட ஆழமான ஒரு வடிகால், இரண்டடி ஆழம் இருந்தால் நல்லது. இந்த ஓரத்து வடிகாலை வெட்டாமல் உள்ளே எவ்வளவு அழகாகப் பாத்தி போட்டாலும் வாய்க்காலில் தண்ணீர் குளமாக நிற்கும், வேர் அதில் ஊறிக்கொண்டே இருக்கும். நிலம் சரிவாக இருந்தால் பாத்தியைச் சரிவின் திசையிலேயே நேராக இறக்காதீர்கள். மேல்மண் முழுவதும் கீழ்வீட்டுக்காரர் நிலத்துக்குப் போய்விடும். சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டம் மட்டும் கொடுத்துப் போடுங்கள்.

இன்னொன்று, வடிகால் விளையை விட்டு வெளியேறும் இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு குழி வெட்டி வையுங்கள். ஓடி வருகிற தண்ணீர் அதில் ஒரு நிமிடம் தயங்கும், மண் அடியில் படியும், தெளிந்த தண்ணீர் வழிந்து போகும். பெரிய மழைக்குப் பிறகு அந்த வண்டலை அள்ளித் திரும்பப் பாத்தியில் போட்டுவிடலாம். நான் போட்ட சாணமும் புண்ணாக்கும்தானே அதில் இருக்கிறது, ஏன் விட வேண்டும்? பாத்தி ஓரம் இடியாமல் இருக்க கதம்பையை (தேங்காய் உரித்த மட்டையை) கவிழ்த்து வரிசையாக அடுக்கினால் போதும், தென்னை உள்ள வீட்டில் அதற்குக் காசு செலவில்லை. ஒரு தொல்லை உண்டு, கதம்பைக்கு அடியில் நத்தை குடியேறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு மழை பெய்கிற செம்மண்ணில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய் மண் புளித்துவிடும், அதாவது அமிலத்தன்மை கூடிவிடும். மண் பரிசோதனை செய்து பார்ப்பது நல்லது. என் மண்ணுக்கு நடுவதற்கு 15 நாள் முன்னால் சென்ட்டுக்கு 2 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் கிளறிவிடுகிறேன். சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள், எருவில் உள்ள தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

எரு என்றால் பச்சைச் சாணம் இல்லை. நன்றாக மக்கிய சாணத்தூள் 90 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) 1 கிலோ, மூன்றையும் நிழலில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் இரண்டு வாரம் மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை புரட்டிவிடுங்கள். மேலே பச்சையாகப் பூசணம் படர்ந்திருந்தால் தயார் என்று அர்த்தம். பயந்து கொட்டிவிடாதீர்கள், என் வீட்டில் ஒருமுறை அது நடந்தது. நாற்றழுகலுக்கும் வேரழுகலுக்கும் மழைக்காலத்தில் இதைவிட மலிவான காவல் எனக்குத் தெரியாது.

இப்போது அந்த 140 கத்தரிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் இதை வழுதலங்காய் என்போம். காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் இலை பச்சையாகவே தொங்கும், இரண்டு மூன்று நாளில் முழுதும் சாயும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நான் இன்னும் ஊற்றினேன்! அது பாக்டீரியா வாடல். சூடும் ஈரமும் புளித்த மண்ணும் சேர்ந்த இடம் அதற்குச் சொர்க்கம். கண்டுபிடிப்பது சுலபம். வாடிய செடியின் தண்டை அடியில் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து வெட்டுமுனை தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் முனையிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இறங்கினால் அதுவேதான். வந்த செடிக்கு மருந்து இல்லை. வேரோடும் வேர் மண்ணோடும் எடுத்து வெளியேற்றுங்கள், அந்தப் பாத்தியில் அடுத்த போகத்துக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் வைக்காதீர்கள், பயறோ கொடியோ வையுங்கள். வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

தப்பிக்க வழி ரகத்தில் இருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த மண்ணுக்கும் இந்த நோய்க்கும் என்றே ரகங்கள் தந்திருக்கிறது: கத்தரியில் சூர்யா, தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, மிளகாயில் உஜ்வலா. எல்லை தாண்டினால் கிடைக்கும், மண்ணும் மழையும் ஒன்றுதான். இன்னொரு வழி, சுண்டைக்காய்ச் செடியை அடிக்கன்றாக வைத்து அதன் மேல் கத்தரியை ஒட்டுக்கட்டிய நாற்று. விலை கூடுதல்தான், ஆனால் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட்டால் நின்று காய்க்கிறது.

வெண்டைக்கு இவ்வளவு பாடு இல்லை. மழைக்காலத்து ராஜா என்றால் அதுதான். விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி விட்டு, குழிக்கு இரண்டு விதை. 45 நாளில் காய் பறிக்கலாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், மழை என்று இரண்டு நாள் சோம்பினால் விறகுதான். மஞ்சள் நரம்புத் தேமல் வெள்ளை ஈயால் வருவது, வெயில் காலத்தில்தான் அதிகம். அர்கா அனாமிகா என்ற ரகம் அதை ஓரளவு தாங்கும்.

கீரையில் ஒரு சின்ன விஷயம். மழையில் சிவப்புத் தண்டங்கீரை இலையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து விற்க முடியாமல் போகும், பச்சைக்கீரையில் கோ 1 போன்ற ரகம் அதை எதிர்த்து நிற்கும். மழை மாதங்களில் பச்சை மட்டும் போடுங்கள், வாளியில் ஊற்றினாலும் இலை மேல் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

பாகல், புடல், பீர்க்கு மூன்றுக்கும் பந்தல் வேண்டும், தரையில் படர்ந்த காய் மழையில் அழுகும். கமுகுத் தூணும் ஜிஐ கம்பியும் போதும், நீங்கள் குனியாமல் நடக்கிற உயரம் வையுங்கள், மருந்தடிக்கவும் பறிக்கவும் அதுதான் வசதி. ஆனால் விளை முழுக்க ஒரே பந்தலாகப் போடாதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது வாழையும் ரப்பரும் சாய்ந்ததை எல்லோரும் பேசினார்கள், என் பந்தல் ஒரு மூலைத் தூண் சாய்ந்ததும் மொத்தமாக இழுத்துக்கொண்டு படுத்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். இப்போது இரண்டிரண்டு சென்ட்டாகத் தனித்தனிப் பந்தல், ஒவ்வொரு மூலைத் தூணுக்கும் வெளிப்பக்கம் இழுவைக் கம்பி.

பந்தல் காய்க்கு எதிரி பழ ஈ. பிஞ்சில் முட்டையிடும், காய் கோணி, மஞ்சளாகி, உள்ளே புழு. கியூலூர் என்ற, ஆண் ஈயை இழுக்கும் வாசனைப் பொருள் வைத்த பொறி கடைகளில் கிடைக்கிறது, ஆளுயரத்தில் இரண்டு மூன்று தொங்கவிடுங்கள். அதைவிட முக்கியம், விழுந்த காயை அப்படியே விடாமல் இருப்பது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி அடுத்த படையாக வரும். காயைப் பொறுக்கி பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். வீட்டுத் தேவைக்கு என்றால் பாகல் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டினாலே போதும், பொழுதும் போகும்.

மழை தொடங்குவதற்கு முன்னால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பூசண நோய் வராமல் இருக்க ஒரு தடவை போர்டோ கலவை தெளிக்கிறேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் 5 லிட்டர் தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு 5 லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் வாளி. மயில்துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலுக்குள் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றாதீர்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பாருங்கள், செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கொடி இனங்களின் இளம் இலை கருகும், அதனால் அவற்றுக்கு நான் தெளிப்பதில்லை. டிரைக்கோடெர்மா போட்ட உடனேயும் வேண்டாம், செம்பு அந்த நல்ல பூசணத்தையும் கொன்றுவிடும்.

உரத்தைப் பொறுத்தவரை ஒரே மூச்சில் போட்டால் ஒரே மழையில் போய்விடும். கடலைப் புண்ணாக்கு 1 கிலோ, சாணம் 1 கிலோ, 10 லிட்டர் தண்ணீரில் ஐந்து நாள் புளிக்கவிட்டு, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, மழை விட்ட இடைவெளி பார்த்து பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். நாற்றம் தாங்காது, கிணற்றுப் பக்கம் வைக்காதீர்கள். மூடாக்குக்குத் தென்னோலையும் கிளைரிசிடியா தழையும் போடலாம், அடைமழையில் தண்டோடு ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், ஒரு சாண் தள்ளியே போடுங்கள்.

நத்தை. ஆப்பிரிக்க ராட்சத நத்தை மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் ஒரு தட்டு நாற்றைத் தின்று முடித்துவிடும். சாயங்காலம் ஈரச்சாக்கின் மேல் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் கூட்டமாக வந்து ஒட்டும், டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், நோய்க்கிருமி இருக்கும். உப்பைத் தோட்டத்தில் தூவுவதும் வேண்டாம். நாற்றுத் தட்டை ஒரு மேசை மேல், கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க, மேலே கெட்டியான பாலித்தீன் கூரையோடு வைப்பது அதைவிடச் சுலபம்.

விற்பனைக்கு ஓணத்தைக் கணக்கில் வையுங்கள். ஓணத்துக்கு முந்தைய வாரம் இங்கிருந்து கேரளாவுக்குக் காய் போகும், விலையும் ஏறும். தடியங்காய்க்கு (சாம்பல் பூசணிக்கு) நான்கு மாதம் என்று நாளைப் பின்னோக்கி எண்ணி விதையுங்கள். 15 சென்ட்டில் குடும்பம் நடத்த முடியாது, அது பொய். வீட்டுக்குப் போக மிச்சத்தைத் தெருவில் நான்கு வீட்டுக்கும் முக்குக் கடைக்கும் கொடுத்தால் நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு வண்டி வாடகை கொடுப்பதைவிட லாபம். மழையில் பறித்த வெண்டையை மட்டும் ஈரத்தோடு சாக்கில் கட்டிவிடாதீர்கள், காலையில் திறந்தால் முழுக்கக் கறுத்திருக்கும். திண்ணையில் பழைய வேட்டியை விரித்து, காயைப் பரப்பி, ராத்திரி முழுக்க ஃபேன் போட்டுவிடுங்கள்.