உப்புக் காற்றும் சோலார் வயரும்

கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்த இரண்டாம் ஆண்டே மின்சாரம் குறைந்தது. இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு இணைப்பைக் கழற்றினேன். செம்புக் கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. செலவைக் குறைக்க வீட்டு வயரையே போடச் சொன்னவன் நான்தான். வெள்ளீயம் பூசிய 4 சதுர மி.மீ. சோலார் கேபிளுக்கு மாற்றினேன்.

பேனல் வயர் வந்து சேரும் பெட்டியில் இருந்த பிரேக்கரோ (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஏ.சி.க்கானது, அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்துக்கானது! நம் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். பிரேக்கர் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி அப்போது அணையும். பேனல் தரும் டி.சி.யில், அதாவது நேர்திசை மின்சாரத்தில், அது நடக்காது, பொறி நின்று எரியும். எனவே டி.சி. பிரேக்கர் வாங்கினேன், அதில் பேரம் பேசவே கூடாது. இன்வெர்ட்டரை மாடிப்படி அருகே நகர்த்தியதில் கேபிள் பாதியாகக் குறைந்தது. அங்கேதான் காசு மிச்சமானது. இணைப்பிகளை இப்போது தரையில் கிடத்தாமல் பேனலுக்கு அடியில் தூக்கிக் கட்டியிருக்கிறேன்.