பார்க்கின்சன் பெயரை எடுத்தால் செய்யக்கூடாத தவறுகள்

"கொடுத்த நேரம் முழுக்க வேலை வீங்கிக்கொண்டே போகும்." 'பார்க்கின்சன் விதி' என்று சொல்லப்படும் இந்த வரியைக் கேள்விப்படாத அலுவலகம் இருக்காது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில், இதைச் சொன்னவர் ஓர் அமெரிக்க மேலாண்மை நிபுணர் என்று திரையில் போட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் என் காதில், "கை நடுங்குமே, அந்த வியாதியைக் கண்டுபிடிச்சவர்தானே?" என்றார். இரண்டுமே தப்பு.

வியாதிக்காரரை முதலில் அனுப்பிவிடுவோம். நடுக்க வாதத்தைப் பற்றி 1817-இல் எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர். 1824-இல் இறந்துவிட்டார். விதிக்காரர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன், 1909-இல் வடக்கு இங்கிலாந்தின் பார்னார்ட் காசில் ஊரில் பிறந்தவர். பெயரில் 'நார்த்கோட்' இருப்பதால், 1854-இல் பிரிட்டிஷ் அரசுப் பணிச் சீர்திருத்த அறிக்கை எழுதிய நார்த்கோட்டோடு இவரைச் சேர்த்துவிடுகிறவர்களும் உண்டு. அவரும் வேறு ஆள். திறமை தீரும் படி வரைக்கும் பதவி உயர்வு கிடைக்கும் என்ற 'பீட்டர் கோட்பாடு' 1969-இல் வந்த வேறொரு புத்தகம். அதையும் இவர் கணக்கில் எழுத வேண்டாம்.

பெரிய தவறு இனிமேல்தான். இவர் தொழிலால் கடற்படை வரலாற்றாசிரியர். இதை மறந்துவிட்டுப் படித்தால் அந்த விதியே பாதிதான் புரியும் என்பது என் கட்சி.

கேம்பிரிட்ஜின் இமானுவேல் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல் எட்வர்ட் பெல்யூவின் காகிதக் கட்டுகளுக்குள் புகுந்தார். 1934-இல், இருபத்தைந்து வயதில், பெல்யூவின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அடுத்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கீழைக்கடல்களின் வணிகமும் போரும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. ஜூலியன் கார்பெட் என்ற பெரிய கடற்படை வரலாற்றாசிரியர் பெயரில் உள்ள பரிசு அதற்குக் கிடைத்தது. பிறகு டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பாடம் எடுத்தார். கடற்படை வரலாறு எழுதியவர் என்பதால் கடற்படை அதிகாரி என்று எழுதிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் இவர் தரைப்படையில் மேஜர்.

அந்தக் காகிதக் கட்டுகளில் என்ன இருந்தது? ஒரு சம்பவம் போதும். 1804-இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாகப் பெல்யூ நியமிக்கப்பட்டார். தலைமையிடம் மதராஸ். அன்றைய மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளியே நங்கூரம் போடும். கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, அலையில் நனைந்துதான் கரை சேர வேண்டும். மறு வருஷமே லண்டன் இன்னொரு அட்மிரலை அனுப்பியது: தாமஸ் ட்ரூப்ரிட்ஜ், நெல்சனோடு நின்று போரிட்டவர். கையில் ஒரு உத்தரவு, பெல்யூவின் கடலில் பாதி இனி இவருக்கு. பெல்யூ ஒத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் சண்டை, லண்டனுக்குப் புகார் மேல் புகார். கடைசியில் கடல் முழுவதும் பெல்யூவுக்கு என்றும், ட்ரூப்ரிட்ஜுக்கு நன்னம்பிக்கை முனை என்றும் தீர்ப்பு வந்தது. 1807 ஜனவரியில் மதராஸிலிருந்து 'பிளென்ஹைம்' கப்பலில் ட்ரூப்ரிட்ஜ் கிளம்பினார். ஏற்கெனவே தரைதட்டி அடிபட்ட கிழட்டுக் கப்பல், சதா தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், அவர் கேட்கவில்லை. பிப்ரவரியில் இந்தியப் பெருங்கடல் புயலில் சிக்கியது. கூடப் போன 'ஜாவா' கப்பலும் சேர்ந்து காணாமல் போனது, ஒருவரும் திரும்பவில்லை.

இப்போது விதிக்கு வருவோம். 1955 நவம்பர் 19-இல் 'எகனாமிஸ்ட்' இதழில் பெயர் போடாமல் பார்க்கின்சனின் கட்டுரை ஒன்று வந்தது. அதன் இரண்டு தூண்களில் ஒன்று: அதிகாரி தனக்குக் கீழே ஆள் சேர்ப்பார், போட்டிக்கு ஆள் சேர்க்க மாட்டார். பெல்யூவையும் ட்ரூப்ரிட்ஜையும் வருஷக்கணக்கில் படித்தவர் இதை எழுதியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர் அப்படித் தொடர்புபடுத்தினார் என்று நான் சொல்லவில்லை, இது என் ஊகம்தான்.

அந்த விதியை நேர மேலாண்மை அறிவுரையாகச் சுருக்குவது அடுத்த தவறு. 'சீக்கிரம் முடி, கெடு வை' என்பதற்காக எழுதிய கட்டுரை இல்லை அது. வேலை வீங்கும் என்பது தொடக்க வரி மட்டும். விஷயம் அலுவலகம் வீங்குவது. அவர் காட்டும் அதிகாரி 'ஏ'க்கு வேலைப் பளு. பாதியை சக அதிகாரி 'பி'க்குக் கொடுத்தால் நாளைக்குப் பதவி உயர்வில் போட்டி. ஆகவே 'சி', 'டி' என்று இரண்டு உதவியாளர்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு பேர். முன்பு ஒருவர் பார்த்த வேலையை இப்போது ஏழு பேர் பார்க்கிறார்கள், யாரும் சும்மா இல்லை. வந்த தபாலுக்கு ஒருவர் வரைவு போட, மேலே இருப்பவர் திருத்த, அது பக்கத்துப் பிரிவுக்குப் போய்த் திரும்ப, கடைசியில் 'ஏ' எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முதல் நாளே தான் எழுதியிருக்கக்கூடிய பதிலை எழுதிக் கையெழுத்துப் போட்டு ராத்திரி வீட்டுக்குப் போகிறார்.

இதற்கு ஆதாரமாக அவர் எடுத்தது தன் சொந்தத் துறையை, கடற்படையை நிர்வகித்த பிரிட்டிஷ் அட்மிரால்டியை. 1914-க்கும் 1928-க்கும் இடையில் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆயின. கடற்படை அதிகாரிகளும் மாலுமிகளும் 1,46,000-லிருந்து 1,00,000. அட்மிரால்டி அலுவலக அதிகாரிகளோ 2,000-லிருந்து 3,569!

இந்த எண்களை அப்படியே தூக்கி வந்து விஞ்ஞானம் மாதிரி காட்டாதீர்கள். கப்பல் குறைந்ததற்கு, போர்க்கப்பல்களுக்கு வரம்பு வைத்த 1922-இன் வாஷிங்டன் ஒப்பந்தம் முக்கியக் காரணம். அதே காலத்தில் நீர்மூழ்கி, விமானம், வானொலி என்று அலுவலகத்துக்குப் புது வேலைகளும் வந்தன. வருஷத்துக்கு 5.6 சதவீத வளர்ச்சி என்கிறார். மொத்த உயர்வான 78 சதவீதத்தை 14-ஆல் வகுத்த கணக்கு அது. கூட்டு விகிதமாகப் போட்டால் 4.2 சதவீதம்தான் வரும். நையாண்டிக் கட்டுரையில் தசமப் புள்ளி இருப்பதும் நையாண்டியின் ஒரு பகுதிதான், அது வேறு விஷயம்.

பிரிட்டனின் காலனிகளைக் கவனித்த காலனி அலுவலகத்தின் கணக்கும் அப்படித்தான்: 1935-இல் 372 பேர், 1954-இல் 1,661 பேர். இதைச் சொன்ன கையோடு 'இந்தியா கைவிட்டுப் போன பிறகும் பாருங்கள்' என்று சேர்ப்பார்கள். சேர்க்காதீர்கள். இந்தியாவைக் கவனித்தது இந்தியா அலுவலகம், அது தனித் துறை. 1948-இல் விடுதலை பெற்ற இலங்கையைச் சொன்னால் சரியாக இருக்கும். அது காலனி அலுவலகத்தின் கீழ்தான் இருந்தது.

கட்டுரை வந்தபோது அவர் சிங்கப்பூரில், மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1950 முதல் 1958 வரை அங்கேதான். ஆகவே 'லண்டன் அரசு ஊழியர் எழுதியது' என்பதும் தப்பு. இன்னொன்று: அணு உலைக்கு இரண்டரை நிமிஷமும் சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரமும் செலவழிக்கும் குழு அவர் கற்பனை. ஆனால் அற்ப விஷயத்தில் நேரத்தைக் கரைப்பதைக் குறிக்கும் 'பைக்ஷெட்டிங்' (சைக்கிள் கொட்டகை கட்டுவது) என்ற சொல் அவருடையது இல்லை, 1999-இல் மென்பொருள்காரர்களிடமிருந்து பரவியது.

கடைசித் தவறு சுவையானது. விதி தந்த புகழுக்குப் பிறகு அவர் கெர்ன்சி தீவில் குடியேறினார். 1970-இல் ஹொராஷியோ ஹார்ன்புளோயர் என்ற அட்மிரலின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். வம்சாவளி, கடிதங்கள், சண்டை விவரங்கள் என்று பெல்யூவுக்குச் செய்த அதே பாணியில் எல்லாம் இருக்கும். நாவலாசிரியர் ஃபாரெஸ்டர் விளக்காமல் விட்டுப்போன ஒரு மர்மமும் அங்கே அவிழும்: கேப்டன் சாயரைக் கப்பலின் அடித்தளத்தில் தள்ளிவிட்டது யார்? பதில் ஹார்ன்புளோயர் கைப்பட எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஒரே சிக்கல், ஹார்ன்புளோயர் என்று ஒருவர் பிறக்கவே இல்லை, ஃபாரெஸ்டரின் நாவல்களில் வரும் கற்பனை நாயகன் அவர். நிஜ அட்மிரல் என்று நம்பியவர்கள் உண்டு. இந்தப் புத்தகத்தை ஆதாரமாகக் காட்டிக் கட்டுரை எழுதுவதற்கு முன் அட்டையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.